இரண்டு மாடிகளுக்கு நடுவில்

உங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது லேசாக ஒரு உதறு உதறுகிறது, சார். பயப்படும்படி ஒன்றுமில்லை. பக்கவாட்டுத் தண்டவாளத்தில் எண்ணெய் காய்ந்திருக்கும். ஆள் வரும்போது சொல்லுங்கள், சின்ன வேலைதான். என்னைக் கூட்டிவந்த காவலரிடமும் சொன்னேன். கைதான ஆள் பேசுகிற பேச்சா இது என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன செய்வது, ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு வேறு என்ன கண்ணில் படும்? ஒரு முறை, என்னோடு வேலை பார்த்தவர் இறந்துபோனார் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கட்டடத்து லிஃப்ட் கதவு பாதியில் நின்று நின்று மூடியது. அதைச் சரிசெய்தேன், கையைத் துடைத்தேன், நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். துக்கம் விசாரிக்கத்தான் போனோம் என்பது செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்து வைக்கிற அளவுக்கு என் வீட்டில் இடமும் கிடையாது. மேல்மாடி, மொட்டை மாடிக்கு முந்தின தளம். தலைக்கு மேலே லிஃப்டின் மோட்டார் அறை. அந்த இரைச்சலுக்குப் பயந்து அந்த வீட்டுக்கு யாருமே குடிவரவில்லை. எனக்கோ அது தாலாட்டு. நான் ஓய்வு பெற்ற பிறகும் மோட்டார் அறைச் சாவியைக் கட்டடத்துக்காரர்கள் என்னிடமே விட்டுவைத்தார்கள். சும்மா பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? கல்யாணம் ஆகவில்லை. யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்கவுமில்லை, அவ்வளவுதான்.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்ட் நன்றாக ஓடினால் மெக்கானிக் ஒருவன் இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது. ஏறுவார்கள், இறங்குவார்கள், கண்ணாடியில் தலை வாரிக்கொள்வார்கள். பழுதானால்தான் கூப்பிடுவார்கள். அதிலும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள் பாருங்கள், அது தனி. பெற்ற தாயைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மேலே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டைத் தளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கதவைத் திறந்தால் ஒரு முகம் தெரியும். பெரிய பெரிய ஆட்கள், கண்ணில் நீரோடு என் அழுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள். மறுநாள் தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. அதனால் என்ன? அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன். அதை வைத்தே சில மாதங்களை ஓட்டிவிடுவேன்.

என் அண்ணன் அப்படியே எனக்கு நேர் எதிர். பஸ் கண்டக்டர். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரோடு பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் பேசுகிற ஆள். அண்ணி போன பிறகும் அந்தப் பேச்சு குறையவில்லை. அவருக்கு ஒரே மகள். வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, தலையில் நரையும் எட்டிப் பார்த்துவிட்டது, ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். அவள் இருக்கும் ஊருக்கு ரயிலில் ஒரு முழு நாள் ஆகும்.

அண்ணனுக்கு லேசான பக்கவாதம் வந்தது. கை கால் தப்பிவிட்டது. ஞாபகம் மட்டும் அங்கங்கே ஓட்டை விழுந்த குடைபோல ஆயிற்று. நல்ல ஆஸ்பத்திரி என் வீட்டுப் பக்கத்தில் இருந்ததால் பாப்பா அவரை என்னிடம் கொண்டுவந்து விட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான் சித்தப்பா. அப்பா தேறினதும் நான் கூட்டிட்டுப் போயிடறேன். உங்களுக்கு ஏன் தொந்தரவு?"

தொந்தரவு என்றாள். அந்த வார்த்தையை இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். என் வீட்டில் அதுவரை இரண்டாவது டம்ளர் கிடையாது. மறுநாள் போய் வாங்கி வந்தேன்.

அண்ணன் வந்ததும் வீடு பஸ் ஆகிவிட்டது. என் சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் மற்றவர் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குள் என்னை நெட்டிக்கொண்டே, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு பாரு," என்பார். என்னைக் கூப்பிட ஒரு விசில். சாப்பாடு முடிந்து எழுந்திருக்க இரண்டு விசில். தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரரை வந்த முதல் வாரமே சிநேகம் பிடித்துக்கொண்டார். தினமும் மத்தியானம் அவர் மேலே வருவார், இருவரும் சீட்டாடுவார்கள். ஏமாற்றுவது அண்ணன், கோபித்துக்கொள்வதும் அண்ணன்.

"யோவ் டெய்லர், சட்டையிலதான் துணியைத் திருடுறே. சீட்டுலயுமா?"

"நீங்க மட்டும் என்னவாம், மீதிச் சில்லறை குடுக்காத பரம்பரை."

நான் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் துருப்பிடித்த சத்தம். ஆனால் ஓடியது.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மார்பில் கட்டும் ஒரு பட்டை கொடுத்தார்கள். அதோடு ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு எண் வரும். மாட்டிக் காட்டிய நர்ஸ் அவசரத்தில் இருந்தாள்.

"ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி எவ்வளவு மாறுதுன்னு இது காட்டும். தினம் காலையில எழுந்ததும் பாருங்க. மூளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, அலட்சியமா விட்டுடாதீங்க," என்றாள். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாறுகிறது என்றால் என் அகராதியில் ஒரே அர்த்தம்தான், பழுது. நாங்கள் மோட்டாரைச் சோதிக்கும் விதம் அப்படி. திருப்புளியின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். சத்தம் ஒரே சீராக வந்தால் மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஏறி இறங்கினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, கழற்ற வேண்டும். அண்ணனுடைய எண் நாற்பதுக்கு மேல் இருந்தது. இவ்வளவு ஆட்டமா என்று பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது திருப்புளிக் கைப்பிடியை அவர் மார்பில் வைத்து, மறுமுனைக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனேன். சிரிக்காதீர்கள், வேறு கருவி என்னிடம் இல்லை. அவர் விழித்துக்கொண்டார்.

"டேய், என்னடா பண்றே? நட்டு கழண்டுடுச்சா?"

"சத்தம் கேக்கறேன் அண்ணே."

"என்ன சொல்லுது?"

"சீரா இல்ல. ஏறி இறங்குது."

"கண்டக்டர் நெஞ்சுடா இது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னுதான் போகும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கவனித்துப் பார்த்தேன். சீட்டாடி, சண்டை போட்டு, வயிறு வலிக்கச் சிரித்த நாளுக்கு மறுநாள் காலையில் எண் ஏறியிருந்தது. தையல்காரர் வராத நாளுக்கு மறுநாள் இறங்கியிருந்தது. ஒரு மெக்கானிக்குக் காரணம் கண்டுபிடிக்க இதைவிட என்ன வேண்டும்? தையல்காரரைப் படியிலேயே நிறுத்தி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். கையில் சீட்டுக்கட்டோடு வந்தவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ரேடியோவையும் நிறுத்தினேன். பாட்டு வந்தால் அண்ணன் கூடவே பாடுவார், பாடினால் மறுநாள் எண் ஏறும். பிறகு போன். சாயங்காலம் ஆனால் பாப்பா கூப்பிடுவாள், அப்பாவும் மகளும் சிரிக்கிற சிரிப்பு கீழ்த்தளம் வரை கேட்கும். பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி அவர் போனை எடுத்து வைத்தேன். பிறகு ஜன்னல். அங்கே நின்றால் பஸ் நிறுத்தம் தெரியும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் விசிலடிப்பார். சில டிரைவர்கள் பதிலுக்கு ஹாரன் அடிக்கவும் ஆரம்பித்திருந்தார்கள். வெயில் வருகிறது என்று சொல்லிக் கண்ணாடிக்கு உள்பக்கம் அட்டை ஒட்டினேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பதுக்குக் கீழே, இருபதுக்குக் கீழே. நான் பராமரித்த எந்த மோட்டாரும் அவ்வளவு சீராக ஓடியதில்லை.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், பாவம், விவரம் தெரியாத ஆள், தொழில் புத்தியால் ஏமாந்துவிட்டான் என்று தோன்றும். உங்கள் முகத்திலும் அதைப் பார்க்கிறேன். நல்லது. ஆனால் சொன்ன வரிசையில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று.

முதல் பரிசோதனைக்குப் போனபோது, எண் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். நான் பெருமையோடு, "கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சிட்டு வரேன் டாக்டர்," என்றேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனுஷி. திட்டவில்லை. ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்.

"ஐயா, நல்ல இதயம் ஒரே மாதிரி அடிக்காது. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். மூளை கையில கடிவாளம் இருக்கு, இழுக்குது, விடுது. அதுதான் இந்த மாற்றம். அது இருக்கணும். பயந்துபோன உசுருக்குத்தான் மெஷின் மாதிரி அடிக்கும். பூனையைப் பாத்த எலி மாதிரி."

"அப்ப எண் ஏறினா நல்லதா?"

"நல்லது. இது ஒண்ணே எல்லாத்தையும் சொல்லிடாது. ஆனா இது கம்மியா இருக்கறவங்களுக்கு ஞாபகமும் யோசனையும் மங்கறதை அதிகமா பாக்கறோம். அவரை நாலு பேரோட பேச விடுங்க. சிரிக்கட்டும், பாடட்டும், நடக்கட்டும்."

புரிந்தது. நான் முட்டாள் இல்லை, சார். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், அவர் நேராக்கிக் கொடுத்தார். ஒரு நொடியில் புரிந்தது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"எண் ஏறலைன்னா?"

"ஏறி நிக்கற வரைக்கும் நீண்ட ரயில் பயணமெல்லாம் வேண்டாம். உங்ககூடவே இருக்கட்டும். நீங்கதான் இவ்வளவு அக்கறையா பாத்துக்கறீங்களே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கண்டக்டருக்கு முன்னால் சொல்லிக்கொண்டு வந்தார். கண்டக்டர் பையன் சிரித்தான். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். முடிவு எடுத்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் வரிசை இதுதான். தையல்காரரை நிறுத்தியது அந்தப் பரிசோதனைக்கு முன்னால். ரேடியோ, போன், ஜன்னல் மூன்றும் அதற்குப் பின்னால்.

நான் கெட்டவன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கணக்கு எளிமையாக இருந்தது. அண்ணன் தேறினால் போய்விடுவார். தேறாவிட்டால் இருப்பார். அவரை நான் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மருந்து ஒரு வேளை தவறவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்தேன், நகம் வெட்டினேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டதே அந்த நாட்களில்தான். எந்தத் தம்பி செய்வான்?

ஆனால் லேசில் மசிகிற ஆளா அவர்? பேச ஆளில்லை என்றால் தனக்குத்தானே பேசிச் சிரித்துக்கொள்கிறவர். குளியலறையில் வாளிக்கும் சொம்புக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். எண் இருபதைத் தாண்டி மறுபடி தலைதூக்கும். அந்தப் பக்கம் பாப்பா என் போனில் கூப்பிட்டு, "அறைக்கு வெள்ளை அடிச்சாச்சு சித்தப்பா. கட்டிலுக்குப் பக்கத்துலயே ஜன்னல். பஸ் ஸ்டாண்டு தெரியும், அப்பாவுக்குப் பொழுது போயிடும். அப்பாகிட்ட குடுங்களேன்," என்பாள்.

"தூங்கறாரும்மா."

அண்ணன் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"யாருடா போன்ல? பாப்பாவா?"

"இல்லண்ணே. ராங் நம்பர்."

"அவ கூப்பிடறதே இல்லயே."

"வேலை அதிகம் போல."

முதல் தடவை அதைச் சொன்னபோது வாய் உலர்ந்தது. அடுத்தடுத்த தடவைகளில் அந்தச் சிரமம் இல்லை. மறுநாள் காலையில் எண் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதையும் பார்த்தேன். பார்க்கத்தானே அந்தப் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி லிஃப்ட். அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கிறீர்கள்.

முதல் தடவை நிஜமாகவே மின்சாரம் போயிற்று. அதில் என் கை இல்லை. பரிசோதனைக்குக் கிளம்பினோம். அண்ணன் லிஃப்டுக்குள் ஏறிய பிறகு குடையை மறந்தது ஞாபகம் வந்து நான் வீட்டுக்குத் திரும்பினேன். கதவு மூடியது, லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது, நின்றுவிட்டது. அவருக்கு மூடிய இடம் ஆகாது. சின்ன வயதில் நாங்கள் ஒளிந்து விளையாடியபோது துணி அலமாரிக்குள் போனவர், தாழ்ப்பாள் விழுந்து மாட்டிக்கொண்டார். வீட்டில் யாரும் இல்லை. திறந்துவிட்டவன் நான்தான். கண்டக்டராக இருந்த காலம் முழுக்க, கூட்டமே இல்லாவிட்டாலும், படிக்கட்டில் காற்று படத்தான் நிற்பார்.

மோட்டார் அறைக்கு ஓடினேன். லிஃப்டுக்குள்ளிருந்து பேசும் இன்டர்காம் அங்கே இருக்கிறது. எடுத்ததும் அவர் குரல்.

"தம்பி. டேய் தம்பி. இருக்கியாடா?"

"இருக்கேன் அண்ணே. இங்கதான் இருக்கேன்."

"போயிடாதடா."

"எங்கயும் போகலை அண்ணே."

யோசித்துப் பாருங்கள், சார். என்னிடம் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. போயிடாதே என்று. சக்கரத்தைச் சுற்றி, தளத்துக்கு நேராக நிறுத்தி, ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அந்த முகம். இத்தனை வருஷம் ஊரார் முகத்தில் பார்த்ததை என் சொந்த அண்ணன் முகத்தில் பார்த்தேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரியில் எண் தரையைத் தொட்டது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கி, "இன்னும் கொஞ்ச நாள் உங்ககூடவே இருக்கட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு மின்சாரம் போகவில்லை. லிஃப்டும் பழுதாகவில்லை. நான் பராமரிக்கிற லிஃப்ட் அவ்வளவு லேசில் பழுதாகாது. பரிசோதனைக்குப் போகிற காலையில் அவரை முதலில் உள்ளே ஏற்றிவிட்டு, குடை, கண்ணாடி, சாவி என்று எதையாவது மறந்துவிடுவேன். மோட்டார் அறையில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். உள்ளே விளக்கும் காற்றாடியும் நின்றுவிடும். அவற்றைத் தனியாக ஓட வைக்கலாம்தான். செய்யவில்லை.

பரிசோதனை இல்லாத நாட்களிலும் செய்தேனா என்று கேட்பீர்கள். செய்தேன். அதற்கும் காரணம் இருக்கிறது. அதற்குள் அண்ணன் வெகுவாக மாறியிருந்தார். விசிலடிக்க உதட்டைக் குவிப்பார், காற்றுதான் வரும். அட்டை ஒட்டிய ஜன்னல் முன்னால் போய் நின்று, அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு வைத்தால், "இங்க எறங்கணுமா?" என்பார். ஒரு நாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "லிஃப்ட்காரரே, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தார். வாழ்நாளில் அவர் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டேன் என்றேன். சமையலறைக்குப் போய் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே ஒருவர் மட்டும் நிற்கும்போது இடம் தாராளமாக இருக்கிறது.

ஆனால் லிஃப்டுக்குள் இருட்டில், இரண்டு மாடிகளுக்கு நடுவில், அவருக்கு நான் யார் என்பது தப்பாமல் ஞாபகம் வந்துவிடும். "தம்பி, இருக்கியாடா?" அங்கே மட்டும்தான் நான் தம்பி. வெளியே லிஃப்ட்காரர். நீங்களே சொல்லுங்கள், நான் வேறு எங்கே போவேன்? வீட்டில் அவர் பத்து வார்த்தை பேசினால் நான் ஒன்று பேசுகிற ஆள். அந்த இன்டர்காமில் அவர் ஒரு வார்த்தை, நான் பத்து. அம்மாவைப் பற்றிப் பேசுவேன். அலமாரியைப் பற்றிப் பேசுவேன். "அன்னிக்குத் தொறந்து விட்டது யாரு அண்ணே?" என்று கேட்பேன். "நீதான்டா, நீதான்டா, தொறடா," என்பார். இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுத் திறப்பேன்.

கடைசி நாட்களில் லிஃப்டைக் கண்டாலே கதவு விளிம்பைப் பிடித்துக்கொள்வார். நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. கைக்கு மட்டும் ஞாபகம் இருந்தது போலிருக்கிறது.

"படியில எறங்கிடலாமே."

"முட்டி வலிக்கும் உங்களுக்கு."

"நீங்களும் வர்றீங்களா?"

"இதோ, சாவியை எடுத்துட்டு வந்துடறேன்."

நம்பி ஏறிவிடுவார்.

அன்று பாப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். அப்பா குரலைக் கேட்டு வெகுநாள் ஆயிற்று, எப்போது கேட்டாலும் தூங்குகிறார் என்றால் எந்த மகள் நம்புவாள்? கெட்டிக்காரப் பெண். நானாக இருந்தால் இன்னும் முன்னாலேயே வந்திருப்பேன். கீழே பெட்டியோடு நின்று லிஃப்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். வரவில்லை. தையல்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாதான் உள்ள இருப்பாரும்மா. பாவம், அவர் ஏறினா மட்டும் மாட்டிக்குது," என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் எதுவோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கதவு இடுக்கில் காதை வைத்தால் மேலேயிருந்து அப்பாவின் குரலும், அதற்கும் மேலேயிருந்து என் குரலும் இறங்கி வந்திருக்கின்றன.

அத்தனை மாடியும் ஏறி வந்து மோட்டார் அறை வாசலில் நின்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், ஒரு கையில் இன்டர்காம், ஒரு கை சுவிட்ச் பக்கம்.

"சித்தப்பா, லிஃப்ட் ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இன்று உங்கள் எதிரே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் லிஃப்டைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பொய் வராது.

"இல்ல பாப்பா. நல்லா ஓடுது."

அவள் என் கையைப் பார்த்தாள். இன்டர்காமில் அண்ணன், "தம்பி, அங்க யாருடா?" என்றார். அவள் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி, "அப்பா, நான்தான்ப்பா," என்றாள். பிறகு அவர் குரல் வந்தது. நாக்குத் தடித்த மாதிரி, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"பாப்பாவா? அவ நம்மளைக் கூப்பிடறதே இல்லயே."

அதற்கு மேல் குரல் வரவில்லை.

நான் பதறவில்லை. சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு குலுக்கல் இல்லாமல், தளத்துக்கும் லிஃப்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஆகச் சுத்தமான வேலை அது. மூலையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இரண்டாவது பக்கவாதம், இது பெரியது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். தெரிந்தேதான் செய்தேன். முதல் பரிசோதனையிலிருந்து எல்லாம் தெரியும். எண் இறங்கினால் அவருக்குக் கேடு என்று தெரியும், இறங்க என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். அவருடைய சீட்டை, பாட்டை, மகளை, ஜன்னலை, கடைசியில் விளக்கையும் நான்தான் எடுத்தேன். அவர் புத்தி கலங்கியது என்னால்தான். ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலையில் ஐந்து நிமிஷம் அவரைப் பார்க்க அனுமதித்தீர்களே, அதற்கு நன்றி. காவலர் வாசலிலேயே நின்றார். பாப்பா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பழைய பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் திரையில் அவருடைய துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று நெருங்கி, ஒன்று விலகி, தாறுமாறாக, கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகிற மாதிரி. நான் உள்ளே போனேன். "அண்ணே, நான் இருக்கேன்," என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேச்சுதான் போய்விட்டதே. அசையக்கூட இல்லை. ஆனால் திரையைப் பார்த்தேன். அத்தனை ஆட்டமும் அடங்கிவிட்டது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நூல் பிடித்து அளந்த மாதிரி ஒரே இடைவெளி. நர்ஸ் ஓடிவந்தாள். பாப்பா எழுந்து நின்று என்னை வெளியே போகச் சொன்னாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? மோட்டார் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டுப் பழகியவனுக்குத்தான் தெரியும். என்னைப் பார்த்ததும் அண்ணனுக்கு அவ்வளவு நிம்மதி.